செவுத்து மேல பேஞ்ச மழை

வா கண்ணு, உள்ள வா. வெயில்ல எதுக்கு நிக்கறே? ஊடு பாக்க வந்தவதானே நீ? 'வாடகைக்கு'ங்கற போர்டை அண்ணாந்து பாத்துட்டு நிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஊடு பூட்டியிருக்குது. அங்க குடியிருக்கற கலாமணி கம்பெனிக்குப் போயிருக்கறா. ஞாயித்துக்கிழமைன்னு கூடப் பாக்காம அர ஷிப்டு வெச்சுப்போட்டானுங்க, ஏதோ அவசர ஆர்டராமா. இப்ப வந்துருவா, வந்து தொறந்து காட்டுவா. அதுவரைக்கும் இந்தக் கட்டில்ல உக்காரு. பாத்து, பாத்து, கீழ ஒயரு கெடக்குது. ஐயோ, அந்த ட்ரம்மு மேல பைய வெக்காதே கண்ணு. அது ட்ரம்மு இல்ல. சொல்றேன் இரு.

எந்தூரு நீ? தேனிப் பக்கமா? அதான் பேச்சு இழுத்தாப்பல இருக்குது. கல்யாணம் ஆகிப் புதுசோ? ஊட்டுக்காரரு சாயப்பட்டறைல இருக்கறாரா. நல்லது, நல்லது.

நான் ஒண்ணு சொல்லிப்போடறேன், தப்பா எடுத்துக்காதே. நான் மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேசற ஆளு இல்ல. அந்த ஊடு உனக்கு ஆகாது. தண்ணி எப்ப வரும் எப்ப வராதுன்னு ஆருக்கும் தெரியாது. பாம்பு வரும். மேல பாரு, ஓட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல எத்தன சந்துன்னு. வரிசையா ஒட்டிக் கட்டுன இந்த லைன்ல எந்தச் செவுரும் ஓட்டைத் தொடாது. ராத்திரி நான் இருமுனா அக்கட்டால கலாமணி சுக்குத் தட்டற சத்தம் கேக்கும். அப்படியாப்பட்ட செவுரு. புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு இது ஆகுமா, நீயே சொல்லு.

உனக்கு முந்தி வந்தவங்களுக்கும் இதையேதான் சொன்னேன். ஒரு கெழவரு வந்தாரு, பாம்புன்னதும் செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவங்க நல்லதுக்குத்தானே சொல்றது. எனக்கு இதுல என்ன லாபம்?

கலாமணி போனா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன. அவீங்க பெருமாநல்லூர்ப் பக்கம் எடம் வாங்கிக் கான்கிரீட்டுத் தார்சு ஊடு கட்டிப்போட்டாங்க. பெரிய ஊடுதான். நாலு பக்கமும் தனிச் செவுரு. உள்ள என்ன கத்துனாலும் வெளிய ஒருத்தருக்கும் கேக்காதாமா. அப்படி ஒரு ஊட்ல போயி என்னத்தப் பொழைக்கறதோ. கதவு, டைல்ஸு, கரண்டு வேலைன்னு கொஞ்சந்தான் பாக்கி. அதுக்கு இங்க ஓனரம்மாகிட்ட இருக்கற அட்வான்ஸ் வந்தாகணும். புது ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்தாத்தான் பழைய ஆளுக்கு அட்வான்ஸ் திரும்பும். லைன் ஊட்ல எங்க போனாலும் இதானே சட்டம்? அதனாலதான் போர்டு மாட்டி மாசக்கணக்காத் தொங்குது. ஆளுதான் அமைய மாட்டேங்குது, பாவம்.

என்ன சுத்திச் சுத்திப் பாக்கறே? இதெல்லாம் என்னன்னு தெரியலயா? ஓம் தியேட்டரு! ஊட்டுக்குள்ளயே சினிமாக் கொட்டாயி. சிரிக்காதே. என்ற ஊட்டுக்காரரு பண்ணி வெச்ச வேலை. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரு அவரு. துணி வெட்டற கைக்கு லீவு நாள்ல சும்மா இருக்க முடியாது. போனஸ் வந்தப்ப ஊர்ல எல்லாரும் கடைக்குப் போயி, அட்டைப் பொட்டில ஒரே மாதிரி அஞ்சு ஸ்பீக்கரு வாங்கிட்டு வந்தாங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அதெல்லாம் டப்பா, சாந்தாமணி. சத்தம் வாங்கக் கூடாது, சத்தத்தைக் கட்டணும்" அப்படின்னாரு. கட்டுனாரு. பழைய சாமான் சந்தை மிச்சம் வெக்காம அலைஞ்சு கட்டுனாரு.

இந்த எடப்பக்கத்துப் பெரிய பொட்டி இருக்குதே, அது ஒரு மைக்செட்காரரு கடைய மூடறப்ப குடுத்தது. மூஞ்சி நசுங்கியிருக்குது பாரு. ஊர்ல பாதிக் கல்யாணத்தைப் பாத்த பொட்டி அது. வலப்பக்கத்துல இருக்கறது தேக்கு. ஆரோ ஒரு டாக்டர் ஊட்டுப் பொட்டி, அதனால நெம்ப மரியாதையாப் பேசும். டீவிக்குக் கீழ நீளமாக் கெடக்கே, அது மினி பஸ்ஸுல இருந்து கழட்டுனது. 'சரியான சில்லறை தரவும்'னு ஒட்டுனது இன்னும் போகல. கதாநாயகி அழுதுட்டு வசனம் பேசறப்ப எனக்குக் கண்ணு அங்கதான் போகும். இந்த ட்ரம்மு சாயப்பட்டறை ட்ரம்மு, உள்ள ஊப்பர்னு ஒரு பெரிய ஸ்பீக்கரு வெச்சிருக்குது. இடி, வெடி, அடிதடி எல்லாம் அதுலதான் வரும். அதான் பைய வெக்காதேன்னேன்.

இன்னும் ரெண்டு இருக்குது, பின்னாடிக்கு. ஒண்ணு மூடிப்போன பிரவுசிங் சென்டருது, கையடக்கம். இன்னொண்ணுக்குப் பொட்டி கெடைக்கல. என்ன பண்ணுனாருன்னு நெனைக்கறே? நான் பொங்கல் வெக்கற பானைய எடுத்து, வாய்ல ஸ்பீக்கரை வெச்சுப் பசை போட்டு ஒட்டிப்போட்டாரு! ஏனுங்க, பொங்கலுக்கு எதுல வெக்கறதுங்கன்னா, "குக்கர்ல வெய்யி" அப்படிங்கறாரு. அந்த வருசம் சூரியனுக்கு விசில் அடிச்சுத்தான் பொங்கல் வெச்சோம்.

எல்லாத்தையும் மாட்டி மொத நாள் படம் போட்டா, அட சாமி, ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகல. கதாநாயகன் எடப்பக்கம் நடந்தா ஆனை நடக்கறாப்பல இருக்குது, வலப்பக்கம் போனாப் பூனை. அப்பனும் மகனும் பேசுனா அப்பன் கூட்டத்துல பேசறான், மகன் காதுல ரகசியம் பேசறான். இவரு என்னையக் கட்டில்ல உக்கார வெச்சுப்போட்டு, "இப்ப? இப்ப எப்படி? இப்ப?" அப்படின்னு திருகுறதும் ஓடறதுமா இருக்கறாரு. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது. மைக்செட்டுப் பொட்டிக்குள்ள கட்டிங் வேஸ்டுத் துணியைத் திணிச்சுப் பாருங்கன்னு மட்டும் சொன்னேன். வாயை அடைச்சாக் கத்தறவன் அடங்குவான், இதுக்கு என்ன படிப்பு வேணும்? அடங்குச்சு. பொறவு ஒருநாள், பாட்டு கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்பல இருக்குது, தேக்குப் பொட்டிக்கு ஒயரைத் தலைகீழாச் சொருகியிருக்கறீங்கன்னேன். அதுவும் சரியாத்தான் இருந்துது. மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது.

பின்னாடி ஸ்பீக்கருலதான் கெரகம் புடிச்சுது. மொபைல்ல ஒரு வீடியோல எவனோ ஒருத்தன் பேசறான். பின்னாடி ஸ்பீக்கரு தலைக்கு நாலடி தள்ளி இருக்கணுமாமா. நேரா வந்து காதுல உழுகக் கூடாதாமா, எதுலயாவது மோதித் திரும்பி வரணுமாமா. கண்ணு, நீயே பாரு. கட்டில் செவுத்தோட ஒட்டிக் கெடக்குது. தலைக்கு நாலடி தள்ளிங்கறது எங்க வருது? கலாமணி ஊட்டு அடுப்புக்கிட்ட வருது! இவரு என்ன பண்ணுனாரு, பானையத் தூக்கி அந்தச் செவுத்து மேல வெச்சு, வாயை அவ ஊட்டுப் பக்கம் திருப்பி உட்டுப்போட்டாரு. அவ ஊட்டு அக்கட்டாலச் செவுத்துல மோதி, திரும்பி, சந்து வழியா எங்க ஊட்டுக்கு வரணுமாமா. "கேக்கறதில்லையாங்க அவங்ககிட்ட?"ன்னேன். "நீதான் அவகூடப் பேசறதில்லையே, ஆரு கேக்கறது?" அப்படிங்கறாரு.

ஆமா, அப்ப எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. குழாயடில என்ற கொடத்தை நகத்திப்போட்டு அவ கொடத்தை வெச்சுட்டா. இல்லேன்னு சாதிச்சா. நான் ஒண்ணு சொல்ல, அவ ஒம்போது சொல்ல, ஒரே ஓரியாட்டம். அதோட முடிஞ்சுது. அவ கோலம் போட்டா நான் அக்கட்டால திரும்பிக்குவேன். நான் முன்னால நின்னா அவ பின்னால பொடக்காளி வழியாப் போவா. வருசம் ரெண்டு ஓடிப்போச்சு. ஒரு செவுரு, அதுவும் முழுசாக்கூட இல்ல. அதுக்கு அக்கட்டால ஒருத்தி, இக்கட்டால ஒருத்தி. அவ ரசம் தாளிச்சா எனக்குத் தும்மல் வரும், அவ பேரை மட்டும் சொல்ல மாட்டேன். வைராக்கியக்காரி நான்.

இப்படியே ஒரு ஞாயித்துக்கிழமை. இதே மாதிரிதான் வெயிலு, மண்டையப் பொளக்குது. இவரு ஏதோ ஒரு படம் போட்டாரு. கதாநாயகன் கொட்டற மழைல வில்லனைத் தேடிப் போறான். பாத்துட்டே இருக்கறேன், முதுகுக்குப் பின்னால 'சோ'ன்னு மழை! நெசமாலுமே மழை பேயற மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இவரு எந்திரிச்சு நின்னு கையத் தட்டறாரு, "மோதித் திரும்பிருச்சு, சாந்தாமணி! மோதித் திரும்பிருச்சு!" அப்படிங்கறாரு.

அதே நேரத்துல அக்கட்டால பாத்திரம் உருளுது. "ஐயோ, துணி! துணி!"ன்னு ஒரு சத்தம். பொடக்காளிக் கதவு படார்னு தொறக்குது.

இந்த லைன்ல ஒரு பழக்கம் இருக்குது கண்ணு. கொடி எல்லாத்துக்கும் பொது. மழை வந்தா, மொதல்ல பாத்தவ எல்லார்த்துத் துணியையும் எடுத்துப்போடணும். இது ஆரு துணி, அது ஆரு துணின்னு பாக்கக் கூடாது. கலாமணி அடுப்புல வேலையா இருந்திருக்கறா. தலைக்கு மேல மழை கொட்டுது. அவ எங்க வானத்தைப் பாத்தா? ஒரே ஓட்டம்.

நான் போயிப் பொடக்காளிக் கதவைத் தொறந்தேன். நடுவுல நிக்கறா. லைன்ல இருந்த அத்தன துணியும் அவ தோள்மேல. வெயிலு பளீர்னு அடிக்குது. அண்ணாந்து வானத்தைப் பாக்கறா. கண்ணைச் சுருக்கிப் பாக்கறா. கையை நீட்டிப் பாக்கறா. ஒரு சொட்டு இல்ல. உள்ள இன்னும் 'சோ'ன்னு பேஞ்சுட்டுத்தான் இருக்குது. லைன்ல ஒவ்வொரு ஊடாத் தொறந்து எல்லாரும் வந்து நின்னுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வருது, அடக்கறேன். அப்பத்தான் பாத்தேன். அவ தோள்மேல இருக்கற மூட்டைல, எல்லாத்துக்கும் அடில, ஒடம்போட ஒட்டி இருக்கறது என்ற பச்சைச் சேலை. அடில இருக்குதுன்னா என்ன அர்த்தம்? மொதல்ல எடுத்தது அதுதான்னு அர்த்தம். என்ற துணி காயறது கொடியோட கடைசில கண்ணு. அவ துணியத் தாண்டி வந்து என்றதை எடுத்திருக்கறா.

நானா இருந்தா எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன். அவ சேலையக் கடைசியா எடுத்திருப்பேன்.

என்னைய நேருக்கு நேரு பாத்தா. ரெண்டு வருசம் கழிச்சு மொத வார்த்தை. "சிரிக்காதேடி. உன்ற ஊட்ல மழை பேஞ்சா என்ற ஊட்ல ஏன் சத்தம் கேக்குது?" அப்படின்னா. நான் சும்மா இருப்பனா? "நானா பேயச் சொன்னேன்? குடு என்ற சேலைய"ன்னேன். குடுத்தா. மடிச்சுக் குடுத்தா.

அதுக்காக ராசி ஆயிட்டோம்னு நெனைக்காதே. சேலை என்றது, வாங்கிட்டேன். அவ்வளவுதான்.

இவரு போயி, "தப்பாப் போச்சு தங்கச்சி, பானைய எடுத்துப்போடறேன்"ன்னாரு. அவ என்ன சொன்னாங்கறே? "எடுக்காதீங்கண்ணா, இருக்கட்டும். ஆனா அது என்ன படம்னு மட்டும் சொல்லுங்க" அப்படின்னா. அதுல இருந்து ஒரே கூத்துதான். அவ ஊட்ல டீவில வேற ஓடும், செவுத்து மேல எங்க படத்துப் பின்பக்கம் மட்டும் ஓடும். அவளுக்கு முகம் தெரியாது, அவ டீவிச் சத்தத்துல வசனம் புரியாது. காத்து, மழை, காக்கா, கதவு, காலடி, இது மட்டும் கேக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. அவ ஊட்டுக்கு மணியோசை மட்டும் வரும், யானை எங்க ஊட்ல நிக்கும். "ஆரோ ஓடியாறாங்க, ஆரது?" அப்படின்னு அக்கட்டால இருந்து கத்துவா. நான் இக்கட்டால இருந்து, "வில்லன்டி"ம்பேன். "செருப்பா, பூட்ஸா?"ம்பா. "பூட்ஸு"ம்பேன். "அப்பப் போலீஸா இருக்கும், நல்லாப் பாரு"ம்பா. போலீஸாத்தான் இருக்கும்! பின்னாடிச் சத்தத்தை மட்டும் கேட்டே கதைய முன்னாடியே சொல்லிப்போடுவா, பாவி. நான் பாக்கற படத்தோட ருசியே போயிரும்.

பொறவு ஒருநாள் சோத்துத் தட்டோடயே வந்து நின்னா. "இப்படிக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு, தள்ளிக்க"ன்னா. தள்ளிக்கிட்டேன். இந்தக் கட்டில்ல நீ உக்காந்திருக்கறியே, அதே எடம். அதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனாக் கொழம்பு அவ ஊட்ல, படம் எங்க ஊட்ல. நடுவுல எந்திரிச்சுப் போயி அவ ஊட்ல நின்னு பானைச் சத்தத்தைக் கேட்டுட்டு வருவா. "மழை சரி, இடி பத்தல, அண்ணனை ட்ரம்மைக் கொஞ்சம் நகத்தச் சொல்லு"ம்பா. நாங்க ரெண்டு பேரும் சொல்லச் சொல்ல அவரு நகத்துவாரு. அப்படித்தான் கண்ணு இந்த அஞ்சாறு பிச்சைக்காரப் பொட்டியும் ஒண்ணாச் சேந்து பேசப் பழகுச்சு. ஒரே மாதிரி வாங்குனவங்க ஊட்ல போயிக் கேட்டுப் பாரு, இந்த மழை அவங்க ஊட்ல பேயாது.

அதுக்காக அவ இல்லேன்னா எனக்கு ஆகாதுன்னு இல்ல. தனியாப் படம் பாத்தா நிம்மதியாப் பாக்கலாம். கதையும் முன்னாடியே தெரியாது. போகட்டும். அவ டைல்ஸு பத்திப் பேசறப்பவும், மாடிப்படிக்கு என்ன கைப்பிடி போடறதுன்னு கேக்கறப்பவும் எனக்குப் பத்திட்டு வரும். மூஞ்சில ஒரு வருத்தம் இருக்கணுமே? கல்லு மாதிரி இருக்கறா. போறவளுக்கு வருத்தமில்ல, இருக்கறவ எதுக்கு வருத்தப்படணும்? நான் வருத்தப்படல.

ஏங்கண்ணு சிரிக்கறே?

என்னது? ஊடு புடிச்சிருக்குதா? நீ இன்னும் உள்ளயே பாக்கலயே! இத்தன நேரம் நான் என்ன சொன்னேன்? பாம்பு வரும்னேனே. உங்கூர்ல தோட்டத்துல நெறையப் பாத்திருக்கறியா? அடக் கெரகமே. செவுரு பத்தாதுன்னேனே. அதுதான் புடிச்சிருக்குதா? ஊட்டுக்காரரு நைட் ஷிப்டுக்குப் போனாத் தனியாக் கெடக்கறதுக்குப் பயமா இருக்கும், பக்கத்துல ஆளு சத்தம் கேட்டா நல்லதுதானேங்கறியா? நல்லாச் சொன்னே போ. என்ற வாயே எனக்கு எமன்.

என்ன சொன்னே? இன்னொருக்காச் சொல்லு. போன்ல கலாமணி உன்னைய வர வேண்டாம்னு சொன்னாளா? போர்டுல இருக்கறது அவ நம்பருதான், ஆமா. என்னன்னு சொன்னா? மறைக்காமச் சொல்லு. பக்கத்து ஊட்டுக்காரி சரியில்லைன்னாளா? சண்டைக்காரியாமா? பகலெல்லாம் காது கிழியற மாதிரி சத்தம் வெப்பாளாமா? என்னையவா! நான் சண்டைக்காரியா? கொடத்தை நகத்துனவ ஆரு? வரட்டும் இன்னிக்கு. எத்தன நாள் அவ கொழம்புக்கு உப்பு நான் போட்டிருக்கறேன், வரட்டும்.

இரு.

இரு கண்ணு. அவ எதுக்கு அப்படிச் சொல்லோணும்? அட்வான்ஸு வேண்டியது அவளுக்கு. கதவு நிக்காம இருக்கறது அவ ஊட்டுக்கு. வர்றேங்கற ஆளைப் போயி வராதேன்னு எதுக்குச் சொல்றா? உனக்கு மட்டுமா சொன்னா? ஓ, நீ உன்ற கூட்டாளிப் புள்ள போன்லயும் கேட்டியா, அதுக்கும் இதேதான் சொன்னாளா? அதான். அதானே போன மாசம் ஒரு ஈ காக்கா வரல! நான் வேற, எல்லாம் என்ற வாய்ச் சாமர்த்தியம்னு நெனைச்சுட்டு இருந்தேன்.

அடிக் கள்ளி. அடி கல்லுளிமங்கி. கைப்பிடியாமா, டைல்ஸாமா.

ஒண்ணுமில்ல கண்ணு, கண்ணுல தூசு. இல்ல, தூசு இல்ல, அழுகைதான். அழுதா அழுதுட்டுப் போறேன், இப்ப என்ன. எனக்கு நெம்பச் சந்தோசமா இருக்குது. அவளுக்கும் என்னைய உட்டுப் போக மனசில்ல. நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி வர்றவங்களை எல்லாம் தாட்டி உட்டுட்டு இருக்கறேன்னு நெனைச்சேன். அவளும் அதையேதான் பண்ணியிருக்கறா. இது ஒண்ணுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துது. போதும். இனி அவ போலாம்.

மூஞ்சியத் தொடச்சுக்கறேன் இரு. கண்ணு, நல்லாக் கேட்டுக்க. பாம்பு வந்தது நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, அதுவும் சாரை, அதுவே பயந்து ஓடிருச்சு. தண்ணி வரும். வராத நாளைக்கு நான் இருக்கறேன். ஓடு ஒழுகாது. அட்வான்ஸை இன்னிக்கே குடுத்துரு. அவ புது ஊட்ல கதவு நிக்கட்டும், பாலு காய்ச்சட்டும். மொதக் கிளாஸு எனக்கு வரணும், இல்லேன்னாப் பாரு.

அதா, முக்குல திரும்பறா பாரு. கலாமணீ! நடைய எட்டிப் போடு, உன்ற ஊட்டுக்கு ஆளு வந்திருக்குது!

மூஞ்சி போற போக்கைப் பாத்தியா? கண்ணு, சீக்கிரம், அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன். இப்ப வந்து ஊடு ஆகாதும்பா. தண்ணி இல்லேம்பா, ஒழுகுதும்பா, என்னையப் பத்தியும் நாலு சொல்லுவா. கண்ணைக் கசக்கிட்டுக் கூடச் சொல்லுவா. எதையும் நம்பாதே. ஊடு புடிச்சிருக்குதுன்னு ஒரே வார்த்தைல சொல்லிப்போடு.